நனோ தங்கக் கிறீமும் மச்சாளும்

கேள்வி: ஆவணியில் எனக்குக் கலியாணம். மச்சாளின் சிநேகிதி விற்கும் ‘நனோ தங்க’ கிறீமை ஒரு மாதமாகப் பூசுகிறேன். 30 கிராம் 4,800 ரூபா. காஷ்மீர் குங்குமப்பூ போட்டதாம், தோலின் ஏழு படைக்குள்ளும் போகுமாம். பொன்பொடி போல மினுங்குகிறது. பெட்டியின் படம் அனுப்பியிருக்கிறேன். தொடர்ந்து பூசலாமா? வேண்டாமென்றால் மச்சாளிடம் என்ன சொல்வது?
- வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, அந்த மினுக்கம்தான் ஆளைக் காட்டிக் கொடுக்கிறது. தங்கத்தை 20 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குச் சிறிதாக்கித் தண்ணீரில் கலந்தால் பொன்னிறமாக இருக்காது. முந்திரிகைச் சாறு மாதிரிச் சிவப்பாகத் தெரியும். மினுங்குகிற பொடி பெரும்பாலும் மைக்கா என்ற பளபளக்கும் கனிமத் தூள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேர்மானங்களில் மூன்றாவதாக மைக்கா நிற்கிறது. குங்குமப்பூ கடைசியில், வாசனைத் திரவியத்துக்கும் பிறகு. தங்கத்தைக் காணவே இல்லை.

சேர்மானங்களைக் கூடியதிலிருந்து குறைந்தது என்ற ஒழுங்கில்தான் எழுதுவார்கள். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஒன்றரை இலட்சம் பூ வரை ஆய வேண்டும். அதை இந்த விலைக்கு அள்ளிப் போட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

நனோ என்றாலே புளுகு என்று சொல்ல வரவில்லை. சன்ஸ்கிறீனில் சிங்க் ஒக்சைட்டை 100 நனோமீற்றருக்குள் சிறிதாக்கிப் போடுகிறார்கள். இல்லாவிட்டால் முகம் திருநீறு பூசினது போல நிற்கும். ஆனால் அது தோலின் மேற்படையிலேயே நின்றுதான் வெயிலைத் தடுக்கிறது. ஐரோப்பாவில் 2013 முதல், நனோவாக உள்ள சேர்மானத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குள் ‘நனோ’ என்று எழுத வேண்டும் என்று சட்டம். உங்கள் பெட்டியில் முகப்பில் மட்டும்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஏழு படையும் தாண்டி உள்ளே போகிறதென்றால் அது மருந்து, மச்சாளின் சிநேகிதியிடம் வாங்குகிற சாமான் இல்லை.

எனக்குப் பயம் வேறு இடத்தில். பெட்டியில் செய்தவரின் முகவரியும் இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை. நிறம் வெளுத்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. முகவரி இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசமோ ஸ்டீரோயிட்டோ கலப்பது நடக்கிற வேலை. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரோயிட் என்றால், பூசுவதை விட்டதும் முகம் சிவந்து எரியலாம். இன்றைக்கே நிறுத்துங்கள். எரிந்தால் கிறீமையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போங்கள்.

சரி, மச்சாள். ‘முகத்தில் பரு போட்டுவிட்டது, கலியாணம் முடியட்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் ஒரு நனோ கிறீம் கொண்டு வந்தால் எனக்கு எழுதுங்கள்.