ஃபெயார்போன் வாங்கலாம், ஹட்டன் கடையில் கொடுக்க வேண்டாம்

கேள்வி: மஸ்கெலியாவுக்கு அருகில் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். என் கைபேசிக்கு மென்பொருள் புதுப்பிப்பு வருவது நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஜேர்மனியில் இருக்கும் அண்ணா டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது, நாமே பாகங்களைக் கழற்றி மாற்றக்கூடிய நெதர்லாந்து நிறுவனக் கைபேசியான ஃபெயார்போன் ஒன்று வாங்கிவரச் சம்மதித்திருக்கிறார். கூகுளின் கண்காணிப்பு இல்லாத இயங்குதளத்தை அதில் பயன்படுத்த விரும்புகிறேன். ஹட்டன் நகரிலுள்ள கைபேசிக் கடைக்காரர் ஒருவர், 20,000 ரூபா கொடுத்தால் எந்தப் போனிலும் ‘பிரைவசி ஓ.எஸ்.’ போட்டுத் தருவதாகவும், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் போனைப் பதிவுசெய்வதில் சிக்கல் வந்தால் அதையும் தானே “பார்த்துக்கொள்வதாகவும்” சொல்கிறார். நம்பிக் கொடுக்கலாமா? சம்பளம் விழும் வங்கியின் செயலியும் பெற்றோர் வட்ஸ்அப் குழுவும் அதில் இயங்குமா?

பதில்: வாங்குங்கள். ஆனால் நீங்கள் விரும்பும் இயங்குதளம் ஏற்கெனவே உள்ளே இருக்கும் கருவியாகவே, அண்ணா ஜேர்மனியில் இருக்கும்போதே வாங்குங்கள். ஹட்டன் கடைக்காரரிடம் போனையும் கொடுக்க வேண்டாம், 20,000 ரூபாவையும் கொடுக்க வேண்டாம். அவரை எனக்குத் தெரியாது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவர் செய்வதாகச் சொல்லும் இரண்டு வேலைகளுமே, நேர்மையாகச் செய்தாலும் உங்களை மாட்டிவிடக்கூடியவை என்பதுதான் காரணம்.

முதலாவது, இயங்குதளத்தை மாற்றும் வேலை. கைபேசி ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும், தன்னுள்ளே இருக்கும் இயங்குதளம் உரியவர் கையொப்பமிட்டதுதானா என்று சரிபார்த்துக்கொள்ளும் ஒரு பூட்டு அதில் உண்டு. அந்தச் சரிபார்ப்பைச் செய்யும் நிரலைப் பூட்லோடர் என்பார்கள். வேறொரு இயங்குதளத்தைப் போட வேண்டுமானால் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தவுடன் உள்ளே இருக்கும் படங்கள், தொடர்பு இலக்கங்கள் அனைத்தும் அழிந்துவிடும். போட்டு முடித்த பின் மீண்டும் பூட்ட வேண்டும். சந்தையில் விற்கும் பெரும்பாலான கைபேசிகளில் வேறு இயங்குதளத்தை வைத்துக்கொண்டு அப்படிப் பூட்ட முடியாது. ஆகவே கடைக்காரர்கள் திறந்தபடியே தந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை போனை இயக்கும்போதும், கருவி ‘அன்லொக்ட்’ நிலையில் இருப்பதாகச் செம்மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றும். “அது ஒன்றுமில்லை மிஸ், எல்லாப் போனிலும் வரும்” என்று சொல்லிவிடுவார்கள். எல்லாப் போனிலும் வராது. அந்த எச்சரிக்கை இருக்கும்வரை, உங்கள் போனைச் சற்று நேரம் கையில் வைத்திருக்கும் எவரும் அதில் தமக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்துவிட்டு, எதுவும் நடக்காததுபோலத் திருப்பித் தர முடியும். தனிமனித இரகசியத்துக்காகக் காசு கொடுத்து, முன்பிருந்த பாதுகாப்பையும் இழப்பதுதான் இதன் பலன்.

இதற்கு விதிவிலக்கு உண்டு என்று கடைக்காரர் வாதிடுவார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கூகுளின் பிக்சல் கைபேசிகளில் கிராபீன் ஓ.எஸ். என்ற இயங்குதளத்தைப் போட்டுவிட்டு மீண்டும் பூட்டலாம். ஃபெயார்போனிலும், ‘ஈ ஓ.எஸ்.’ எனப்படும், பிரான்ஸில் உருவான இயங்குதளத்தைப் போட்டுப் பூட்டலாம். ஆனால் ஃபெயார்போனைப் பொறுத்தவரை இந்த விதிவிலக்குக்குள் இன்னொரு பொறி இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த ஆண்ட்ரொய்டுக்கும் புதிதாகப் போடும் இயங்குதளத்துக்கும் ‘பாதுகாப்புப் புதுப்பிப்புத் திகதி’ என்று ஒன்று தனித்தனியே இருக்கும். புதிதாகப் போடுவதன் திகதி, ஏற்கெனவே இருந்ததன் திகதியைவிடப் பழையதாக இருக்கும் நிலையில் பூட்டைப் பூட்டினால், கருவி அதைப் பின்னோக்கிய மாற்றம் என்று கருதி இயங்கவே மறுத்துவிடும். திகதிகளை ஒப்பிடாமல் பூட்டிவிட்டு, எழுந்திருக்காத போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய உற்பத்தியாளரிடமே அனுப்ப வேண்டிவரும், மஸ்கெலியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு. அந்தப் பயத்தில் பூட்டாமல் விட்டால் முன்பு சொன்ன செம்மஞ்சள் எச்சரிக்கைக்கே திரும்பிவிடுவீர்கள். திகதிகளை ஒப்பிடத் தெரிந்தவர், பொறுமையுள்ளவர், தவறினால் பொறுப்பேற்பவர் என்ற மூன்றும் ஒருவரிடமே அமைந்தால் கொடுக்கலாம். கடைக்காரரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: வேலை முடிந்ததும் பூட்லோடரைப் பூட்டித் தருவீர்களா, பூட்டும்போது போன் செத்துப்போனால் புதிதாக ஒன்று வாங்கித் தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா?

இந்தத் தலையிடி எதுவும் தேவையில்லை. ஈ ஓ.எஸ். இயங்குதளத்தின் வணிகப் பிரிவான முரேனா, அதை உள்ளே நிறுவிய ஃபெயார்போன்களையே ஐரோப்பாவில் விற்கிறது. அண்ணாவின் முகவரிக்கு வரவழைக்கலாம். இணையவழி வாங்கிய பொருளை 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் ஐரோப்பியச் சட்டப்படி அவருக்கு உண்டு. கிராபீன் ஓ.எஸ். ஃபெயார்போனில் இயங்காது, அது பிக்சலுக்காக உருவாக்கப்பட்டது. பாதுகாப்பில் அதுவே மேல் என்பதையும், ஈ ஓ.எஸ். பாதுகாப்புப் புதுப்பிப்புகளில் சற்றுப் பின்தங்கி வருவது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் உங்கள் கவலை விளம்பர நிறுவனங்கள் வாழ்க்கையைக் குறிப்பெடுப்பது பற்றியது. அதற்கு ஈ ஓ.எஸ். போதும்.

மலிவாக இருக்கிறதே என்று பழைய பிக்சல் பக்கம் மனம் போனால் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்துக்காக விற்கப்பட்ட பிக்சல்களில் பூட்லோடரைத் திறக்கவே முடியாது. செட்டிங்ஸில் ‘ஓ.ஈ.எம். அன்லொக்கிங்’ என்ற வரி சாம்பல் நிறத்தில் மங்கி, விரலால் எத்தனை முறை தொட்டாலும் அசையாமல் கிடக்கும். இந்த வகை இரண்டாங்கைப் போன்கள் வெளியிலிருந்து பார்க்கப் புதியவைபோலவே இருக்கும். இணைய இணைப்புக் கொடுத்து, அந்த வரியை உங்கள் கண்முன்னே திறந்து காட்டாத எவரிடமும் பிக்சல் வாங்காதீர்கள்.

இரண்டாவது, “பார்த்துக்கொள்வதாக” அவர் சொல்லும் பதிவு. இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. அடையாளம் இருக்கிறது; *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவுசெய்யப்படாத கருவிகள் 2025 ஜனவரி இறுதியுடன் வலையமைப்புகளில் அனுமதிக்கப்படமாட்டா என்றும், அதற்கு முன்னரே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் அறிவிக்கப்பட்டது. சில கடைகள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் ‘தீர்வு’, உடைந்துபோன ஒரு பழைய போனின் இலக்கத்தைப் புதிய போனில் எழுதிவிடுவது. அந்தப் பழைய போன் யாருடையது, களவு போனதா, ஏதேனும் முறைப்பாட்டில் சம்பந்தப்பட்டதா என்பது உங்களுக்குத் தெரியாது. ஒருநாள் பொலிஸார் அந்த இலக்கத்தைத் தேடினால் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில். கடைக்காரருக்கு உங்கள் முகமே நினைவிருக்காது. இலக்கத்தை மாற்றித் தருவதாகச் சொல்பவரிடம் திரை உறை கூட வாங்க வேண்டாம்.

நேர்வழி சற்று நீளமானது. ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் எழுதி 1909க்குக் குறுந்தகவல் அனுப்பினால் பதிவு நிலை தெரியும். சிம் அட்டைக்கு ஒன்றும், போனுக்குள்ளேயே அமைந்திருக்கும் ஈ-சிம்முக்கு ஒன்றுமாக ஃபெயார்போனில் இரண்டு இலக்கங்கள் இருக்கும், இரண்டையும் அனுப்புங்கள். இலங்கையில் இறக்குமதியாகாத புதிய போன் என்பதால் பதிவில்லை என்றே பெரும்பாலும் பதில் வரும். அதைக் கண்டு பதற வேண்டாம். அண்ணா கட்டளையிடுவதற்கு முன்பே, வெளிநாட்டிலிருந்து வருபவர் தனிப்பட்ட பாவனைக்காகக் கொண்டுவரும் ஒரு கைபேசியைப் பதிவுசெய்யும் நடைமுறை என்ன என்று ஆணைக்குழுவுக்கு எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அது அரசகரும மொழி. தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வருவது நம் பகுதிக்குப் புதிதல்ல. வந்தால் தமிழில் தருமாறு மீண்டும் கேளுங்கள். தனியொருவர் கொண்டுவரும் ஒரேயொரு போனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைத்தெருவில் எவருக்கும் புரியும்படி மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டியிருந்தால், இலக்கம் மாற்றுபவர்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது. பொதியாக அனுப்பச் சொல்லாமல் அண்ணாவைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். விலைச்சீட்டும் அவரிடம் இருக்கட்டும். 2024 ஜனவரியிலிருந்து கைபேசிகளுக்கும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி உண்டு என்பதால் சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

வங்கிச் செயலிக்கு வருகிறேன். சில வங்கிகளின் செயலிகள் ஈ ஓ.எஸ்.ஸில் தடையின்றி இயங்கும்; சில, திறந்தவுடனேயே கருவி பாதுகாப்பற்றது என்று சொல்லி மூடிக்கொள்ளும்; இன்று இயங்குவது அடுத்த புதுப்பிப்புடன் நின்றுபோகவும் கூடும். போன் கூகுளின் சான்று பெற்றதா என்பதைச் செயலி கேட்டுப் பார்ப்பதே இதற்குக் காரணம். ஒரு வருடமாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பே காணாத உங்கள் பழைய போனை, கூகுளின் முத்திரை இருக்கிறது என்பதற்காக வங்கி ஏற்றுக்கொள்கிறது. அண்மையில் புதுப்பித்த ஒரு போனை, முத்திரை இல்லை என்பதற்காக வெளியே தள்ளுகிறது. இதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு வாய் வருவதில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கேட்டால், போனை மாற்றுங்கள் என்பார்கள். வங்கியின் இணையத்தளத்தை உலாவியில் திறந்து பயன்படுத்த முடிகிறதா என்று இப்போதே, பழைய போனிலேயே முயன்று பாருங்கள். அது முடிந்தால் செயலி இல்லாமலே உங்கள் காரியம் நடக்கும்.

வட்ஸ்அப் இயங்கும். கூகுள் டிரைவில் இருக்கும் பிரதியிலிருந்து பழைய உரையாடல்களை மீட்பது மட்டும் இங்கே சரிவராமல் போகலாம். பழைய போனையும் புதிய போனையும் அருகருகே வைத்து, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து நேரடியாக மாற்றும் வசதி 2023 முதல் வட்ஸ்அப்பிலேயே உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் கூகுளை விட்டு விலகினாலும், யார் யாரோடு எப்போது பேசுகிறீர்கள் என்பது வட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். சுற்றறிக்கை முதல் வரவுப் பதிவேட்டின் படம் வரை அனைத்தையும் வட்ஸ்அப்பில் கேட்கும் கல்வி நிருவாகம் இருக்கும்வரை இதில் உங்களுக்குத் தெரிவு இல்லை. அடையாள அட்டையின் படத்தையும் அங்கேயே கேட்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் கட்டுப்படுத்தும் என்று எதிர்பார்த்தோம்; 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகளும் தள்ளிப்போடப்பட்டன. உங்கள் சிம் அட்டையும் அடையாள அட்டையின் பேரில் பதிவானது. எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறீர்கள் என்பது எந்த இயங்குதளம் போட்டாலும் வலையமைப்பு நிறுவனத்துக்குத் தெரியும்.

போனைப் பற்றிச் சுருக்கமாக. ஃபெயார்போனின் ஆறாம் தலைமுறைக் கருவி 2025 ஜூனில் 599 யூரோவுக்கு வெளிவந்தது. ஐந்து வருட உத்தரவாதமும் 2033 வரை மென்பொருள் ஆதரவும் உண்டு என்கிறார்கள். உத்தரவாதம் இங்கே பயன்படாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்கலத்தையும் திரையையும் நீங்களே திருகாணி கழற்றி மாற்றலாம் என்பதுதான் மெய்யான பயன். உதிரிப்பாகம் இலங்கையில் கிடைக்காது என்பதால் மேலதிக மின்கலம் ஒன்றை அண்ணா கொண்டுவரட்டும், அதை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். தங்கம், கோபால்ட் போன்றவை எங்கிருந்து வருகின்றன என்பதையும் தொழிற்சாலைத் தொழிலாளரின் ஊதியத்தையும் இந்த நிறுவனம் மற்றவர்களைவிட அக்கறையோடு பார்க்கிறது. அதற்காக முழுதாக மெய்மறக்க வேண்டாம். தேயிலைப் பொதியில் ஒட்டப்படும் நற்சான்று முத்திரைக்கும் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளத்துக்கும் இடையிலுள்ள தூரம் மலையகத்தவருக்குத் தெரியாததல்ல.

தமிழ்த் தட்டச்சுக்குக் குறைவில்லை. ஹெலிபோர்ட் என்ற இலவச விசைப்பலகை போதும். பேசினால் தமிழில் எழுதிக்கொள்ளும் வசதியைத்தான் இழப்பீர்கள்.

அண்ணா வந்தவுடன், அவர் திரும்பிச் செல்வதற்கு முன், சிம்மைப் போட்டு உங்கள் தோட்டத்தில் நின்றே ஓர் அழைப்பு எடுங்கள். நம் வலையமைப்புகளின் 1800 மெகாஹேர்ட்ஸ் 4ஜி அலைவரிசையை ஐரோப்பியப் போன்கள் ஏற்கும் என்பதால் இணையம் கிடைத்துவிடும். குரல் அழைப்பு வேறு விடயம். பேசும்போது திரையின் மேலே 4ஜி என்ற குறி மறைந்து 3ஜி அல்லது 2ஜியைக் குறிக்கும் ‘ஈ’ என்று மாறினால், 4ஜி வழியாகப் பேசும் வசதி அந்த சிம்மில் அந்தப் போனுக்கு இல்லை என்று பொருள். மேட்டிலுள்ள பிரிவுகளில் அதனால் பெரிய குறை தெரியாது. பள்ளத்தில் உள்ள லயங்களில் அழைப்பு அறுந்துபோகும். அப்படியானால் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பாருங்கள்.

பழைய போனை உடனே எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதச் சம்பளம் வந்து, அதைப் புதிய போனிலிருந்து பார்த்து, ஒரு கட்டணத்தையாவது செலுத்தி முடிக்கும்வரை வைத்திருங்கள். வங்கி பிடிவாதமாக மறுத்தால், மற்றச் செயலிகள் அனைத்தையும் நீக்கி, சிம் இல்லாமல், வீட்டிலேயே வங்கிக்கென்று ஒதுக்கி வைத்து, தேவைப்படும்போது மட்டும் புதிய போனின் ஹொட்ஸ்பொட்டில் இணையுங்கள்.