85 சதவீதத்துக்கு வெளியே

அன்புள்ள ஐயா,

கோவையில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். பழங்குடி மக்களின் பின்தங்கிய நிலை பற்றிய ஆய்வுக்காகப் நீலகிரியில் பந்தலூர் பக்கம், பணியர் என்ற பழங்குடியினரின் பாடி (குடியிருப்பு) ஒன்றுக்குப் போனோம். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார்கள், இல்லையென்றால் சிரிக்கிறார்கள். எத்தனை வீடு பார்த்தால் போதும்? மக்களுக்காக வாதாடினால் ஆய்வாளரின் நடுநிலை கெடாதா?

ர.

அன்புள்ள ர.,

எத்தனை வீடு என்பதை உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. அதைச் சொல்கிறேன்.

2011 கணக்கெடுப்பில் நீலகிரியின் எழுத்தறிவு 85 சதவீதம். மாநிலத்துக்கு 80தான். ‘முன்னேறிய மாவட்டம்’ என்று கோப்பில் எழுத இது போதும். ஆனால் இங்குள்ள 7,35,000 சொச்சம் பேரில் பழங்குடியினர் 33,000கூட இல்லை. நூற்றுக்கு நாலரைப் பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்ற எல்லோரும் 85இல் இருந்து, இந்த நாலரைப் பேரில் ஒருவருக்குக்கூட எழுத்து தெரியாமல் போனாலும் மாவட்டம் 81இல் நிற்கும். அப்போதும் மாநிலத்துக்கு மேலேதான்! ஒரு மக்கள்கூட்டம் முழுதாகக் கைவிடப்பட்டாலும் அந்த எண்ணுக்கு உறைக்காது.

சரி, ‘பழங்குடியினர்’ என்று தனியாகப் பிரித்தால் தீர்ந்துவிடுமா? தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பேரையும் ஒரே கட்டத்தில் அடைக்கிறீர்கள். எருமையும் மேய்ச்சல் நிலமும் வைத்திருந்த தோடரும், தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் அடிமை வேலை செய்த பணியரும் ஒன்றா? அதுவும் ஒரு சராசரிதான்.

‘ரேஷன் கடை எவ்வளவு தூரம்?’ என்று உங்கள் படிவத்தில் இருக்கும். மூன்று கிலோமீட்டர் என்று குறித்திருப்பீர்கள். கூடலூர் பக்கம் ஒரு கடையில் பார்த்தேன். பணியப் பாட்டி ஒருவர் கைரேகைக் கருவியில் விரலை வைக்கிறார், ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார். அடுத்த விரல், அப்புறம் இடது கை. களை பறித்தே ரேகை தேய்ந்த விரல்கள். “நாளைக்கு வா பாட்டி” என்றார் கடைக்காரர். நாளைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. வேலை முடிந்து சாயங்காலம் வரலாமென்றால் வழியில் யானை. இது உங்கள் மூன்று கிலோமீட்டரில் எங்கே இருக்கிறது?

சிரிக்கிறார்கள் என்று குறைப்படாதீர்கள். எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். இந்தியாவில் அரிவாள் அணு சோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துபோகும் பரம்பரை நோய்) முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில், 1952இல். அதை ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் வந்தது 2023இல். இங்கிருந்து ரத்தமும் தகவலும் எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்து பதில் சொன்னார்கள்? உங்களை உட்காரவைத்து முகம் கொடுத்துப் பேசினார்களே, அதுவே பெரிது.

அந்தப் பாட்டிக்காக வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் கெட்டுப்போகிற நடுநிலை கெடட்டும், தம்பி.

உங்களுக்கு நல்ல மனது இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. அறிக்கையில் மாவட்ட எண்ணைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, பாடி வாரியாக அட்டவணை போடுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் அதே பாடியில் போய் வாசித்துக் காட்டுங்கள். தப்பென்று அவர்கள் சொல்வதைத் திருத்துங்கள். பரீட்சை முடிந்ததும் வாருங்கள், நானும் கூட வருகிறேன்.