அந்த 2 பேர் எங்கே?

அன்புள்ள அண்ணா,

எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்து 9 மாதமாகிறது. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவப் புள்ளியியல்) என்று கண்ணில் படும் வேலைக்கெல்லாம் விண்ணப்பிக்கிறேன். 80 தாண்டிவிட்டது. வந்தது 2 இன்டர்வியூ, இரண்டும் போச்சு. வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். துறையை விட்டுவிடலாமா?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள தங்கைக்கு,

80 சரி, எந்த 80? மருந்து ஆய்வு நிறுவனத்தில் ஸ்டாட்டிஸ்டிக்கல் புரோகிராமர், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) திட்டப் பணி, மருத்துவக் கல்லூரி வேலை எல்லாவற்றுக்கும் ஒரே ரெஸ்யூமேதானே போயிருக்கும்? மூன்றும் வேறு வேறு தேடல். கூட்டிப் பார்த்து மனசு உடைவதில் அர்த்தமில்லை.

உங்களைப் போலப் புதிதாக வருகிறவர்கள் நுழைய எளிதான வாசல் புரோகிராமர் வேலைதான் என்பது என் கணிப்பு. அங்கே சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் தெரியணும், நோயாளிகளின் தரவை சிடிஸ்க் என்ற பொதுத் தர முறைப்படி எஸ்.டி.டி.எம். (சேகரித்த தரவு), ஏடாம் (பகுப்பாய்வுக்கான தரவு) என்று அடுக்கி, அதிலிருந்து அட்டவணை எடுக்கத் தெரியணும். திட்டப் பணி என்றால் சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. ஒப்பந்த வேலைதான், ஆனால் கற்றுக்கொள்ள அருமையான இடங்கள். (1968இல் தொடங்கிய செங்கல்பட்டு பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) ஆய்வைத் தேடிப் படியுங்கள். இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து நடத்தி, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார்கள்.)

என் முதல் இன்டர்வியூ கதையைச் சொல்கிறேன். ஒரு அட்டவணையை நீட்டி, என்ன தெரிகிறது என்றார்கள். நான் சராசரி, திட்டவிலக்கம், பி-மதிப்பு என்று மூச்சுவிடாமல் பேசினேன். எதிரே இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேலே 120 பேர் என்று போட்டிருக்கிறதே, கீழே ஆண் பெண் கூட்டினால் 118தான் வருகிறது, அந்த 2 பேர் எங்கே தம்பி என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. வேலை கிடைக்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து எந்த அட்டவணையைப் பார்த்தாலும் முதலில் கூட்டித்தான் பார்க்கிறேன். இந்த வேலையில் பாதி அதுதான். ஒரே அட்டவணையை இருவர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுவதும் இதற்காகத்தான்.

அதனால் 3 மாதம் புரோகிராமர் வேலை ஒன்றை மட்டும் குறிவையுங்கள். இணையவழியில் சாஸ் பழக உதவும் சாஸ் ஆன்டிமாண்ட் இலவசம், சிடிஸ்க் பைலட் (மாதிரி) தரவும் இணையத்தில் கிடைக்கிறது. அதை வைத்து வயது, பால், எடை என்று ஒரே ஒரு அட்டவணை போடுங்கள், யார் யார் விடுபட்டார்கள், ஏன் என்ற அடிக்குறிப்போடு. பத்து சான்றிதழைவிட அதைக் காட்டிப் பேசுவது எளிது. வாரத்துக்கு 4 விண்ணப்பம் போதும், ஒவ்வொன்றையும் அந்த வேலைக்கென்றே திருத்தி அனுப்புங்கள்.

பதிலே வராத நாட்கள் நிறைய இருக்கும், அது எல்லோருக்கும் உள்ளதுதான். பி.எட். கெட்டதில்லை, பாடம் நடத்த ஆசையிருந்தால். இல்லையென்றால் வீட்டில் 6 மாதம் தவணை கேளுங்கள், தேதி போட்டே கேளுங்கள்.

அப்புறம், அந்த 2 இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள், எதில் திணறினீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. மறப்பதற்குள் அதை எழுதி அனுப்புங்கள்.