மீதி சொல்லாத இடம்

மதிப்பிற்குரிய ஐயா,

அ, ஆ முழு எண்களாக, அ² + ஆ² என எழுதத்தக்க ஒற்றைப் பகா எண்களை 4ஆல் வகுத்தால் மீதி 1 என்பதையும், அ² + 5ஆ² என எழுதத்தக்கவற்றை 20ஆல் வகுத்தால், 5ஐத் தவிர, மீதி 1 அல்லது 9 என்பதையும் மாணவர்களோடு அட்டவணை போட்டுச் சரிபார்த்தேன். அ² + 14ஆ² மட்டும் பிடிபடவில்லை. 56ஆல் வகுத்தால் 23, 79 இரண்டுக்கும் மீதி 23தான். ஆனால் 23 = 3² + 14·1²; 79ஐ அவ்வாறு எழுத முடியவில்லை. எங்கே தவறினோம்?

கணித ஆசிரியர், கொடைக்கானல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் எங்கும் தவறவில்லை. கோத்தகிரியில் விடாமல் மழை பெய்த இரண்டு மாலைகளில் நானும் உங்கள் அட்டவணையைக் கையால் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி. 79 காணாமல் போகவும் இல்லை, அது 2அ² + 7ஆ² என்ற உடன்பிறந்த வடிவத்தில் இருக்கிறது: 2·6² + 7·1². 56ஆல் வகுக்கையில் 1, 9, 15, 23, 25, 39 ஆகியவற்றுள் ஒன்றை மீதியாகத் தரும் பகா எண் ஒவ்வொன்றும் இவ்விரு வடிவங்களில் ஏதேனும் ஒன்றில், ஒன்றில் மட்டுமே, அமையும். எதில் என்பதை மீதியால் அறிய முடியாது. 56க்குப் பதிலாக எவ்வளவு பெரிய எண்ணால் வகுத்தாலும் நிலைமை இதுவே.

ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் 1801இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வடிவங்களை, அதாவது இருபடி வடிவங்களை, இனங்களாகப் பிரித்தார். மீதி இனத்தைக் காட்டும். ஓர் இனத்தில் ஒரே வடிவம் இருந்தால் வடிவத்தையும் காட்டிவிடும். ஆ²ஐப் பெருக்கும் எண் 1, 5 ஆக இருந்தபோது உங்கள் விதி பலித்தது அதனால்தான். மீதியே போதுமான இத்தகைய எண்கள் 65ஐ சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் பட்டியலிட்டார். அவற்றுள் பெரியது 1848. 14 அதில் இல்லை.

14க்கு வேண்டியது வேறு வகைச் சோதனை, எனக்கு மிகவும் பிரியமானதும்கூட. மேற்சொன்ன மீதிகளுள் ஒன்றைத் தரும் பகா எண்ணை எடுத்துக்கொண்டு, (இ² + 1)² − 8 என்பது அதனால் மீதியின்றி வகுபடுமாறு ஒரு முழு எண் இ கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அது அ² + 14ஆ². கிடைக்காவிட்டால் 2அ² + 7ஆ². 23க்கு இ = 3 பொருந்துகிறது: 100 − 8 = 92 = 4·23. 79க்கு 0 முதல் 39 வரை சோதித்தாலே போதும், எதுவும் பொருந்தாது. இச்சோதனை ஏன் செல்லுபடியாகிறது என்பதற்கு உயர்நிலை எண் கோட்பாட்டின் பகுதியான வகுப்புப் புலக் கோட்பாடு வரை போக வேண்டும்; சோதனையைச் செய்ய உங்கள் மாணவர்களுக்குப் பெருக்கலும் வகுத்தலும் போதும்.

அடுத்த வகுப்பில் 71, 127 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். 56ஆல் வகுத்தால் இரண்டும் 15ஐயே மீதியாகத் தரும்.