அணை உறுதியாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் 'உயர் அபாயம்'?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து படகு விடவும் மீன் பிடிக்கவும் 6 மீட்டர் உயர மண் அணை ஒன்று வைத்திருக்கிறோம். கரையில் ஒரு விரிசல் இல்லை. மதகுக் குழாய் வெளிவரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம் உண்டு. கீழே அரை கிலோமீட்டரில் புதிதாக இரண்டு வீடுகள் வந்திருக்கின்றன. ஆய்வுக்கு வந்த பொறியாளர் 'உயர் அபாய வகை' என்று எழுதிவிட்டார். எதிர்த்து முறையிடலாமா?

பதில்: பொறியாளர் உங்கள் கரையைக் குறை சொல்லவில்லை. அபாய வகை என்பது அணை எவ்வளவு உறுதி என்று பார்த்துத் தருவதல்ல, உடைந்தால் கீழே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று பார்த்துத் தருவது. கட்டி முடித்து ஒரு மாதமே ஆன அணையும் உயர் வகையில் வரும். அரித்துப்போன பழைய கரைகூட, கீழே வெறும் புதர்க்காடு என்றால் குறைந்த வகையிலேயே கிடக்கும். அமெரிக்க முறையில் ஒரே ஓர் உயிர் போகக்கூடும் என்றாலே உயர் வகைதான். கரையில் ஒரு கூடை மண்கூட நகராமல், அந்த வீடுகள் வந்ததாலேயே உங்கள் வகை மாறியிருக்கிறது.

முறையிட வேண்டுமானால் உடைப்பு வெள்ளக் கணக்கோடு போங்கள். தண்ணீர் அந்த வாசலுக்கு எத்தனை நிமிடத்தில், எவ்வளவு ஆழத்தில், என்ன வேகத்தில் வரும் என்று அது காட்டும். வீடுகள் மேட்டில் இருந்தால் வகை இறங்கலாம். 'பொழுதுபோக்குக் குளம்தானே' என்ற நியாயம் மட்டும் எடுபடாது.

பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் மண் அணையும் ஒரு மீன்பிடி கிளப்புக்குச் சொந்தமானதுதான். வண்டி போகக் கரை உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்கக் கலங்கலில், அதாவது குளம் நிரம்பினால் மிகுந்த நீர் வழிந்து போகும் வாயில், வலைக்கம்பி கட்டினார்கள். அணையின் அடியில் தண்ணீரை வெளியேற்றும் குழாய்களை முன்பே யாரோ கழற்றி விற்றிருந்தார்கள், அதனால் நீர்மட்டத்தைக் குறைக்கவும் வழியில்லை. 1889 மே 31 பெருமழையில் கலங்கலைக் குப்பை அடைத்துக்கொண்டது, தண்ணீர் கரைமேல் ஏறி அணை உடைந்தது. மாண்டவர்கள் 2,209 பேர். உங்கள் கலங்கலிலும் மீன்வலை இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

சரி, எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த ஈரம்தான். குழாயை ஒட்டி மண் நன்றாக இறுகியிருக்காது. தண்ணீர் அந்த இடுக்கில் வழி பிடித்து, மண்ணைத் துகள் துகளாக வெளியே கொண்டுவரும். துளை வெளிப்பக்கத்திலிருந்து குளத்தை நோக்கி வளரும். கரைமேல் நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது, விரிசலும் விழாது.

ஒரு கண்ணாடித் தம்ளரில் கசிவைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தெளிவாகவே இருந்து, வாளி நிறையும் நேரமும் வாரா வாரம் மாறாமல் இருந்தால் கண்காணித்தபடி பொறியாளரை வரவழைக்கலாம். அடியில் மெல்லிய மண் படிந்தாலோ, நீர்மட்டம் ஏறாமலே கசிவு கூடினாலோ அன்றைக்கே அவரை அழையுங்கள். நீர்மட்டத்தை இறக்குங்கள், ஆனால் படிப்படியாக, அவர் சொல்லும் வேகத்தில். சடாரென்று இறக்கினால் நனைந்து கனத்த உட்சரிவு, அதாவது கரையின் குளப்பக்கச் சரிவு, சரிந்துவிடும். களிமண் வைத்துக் கசிவை அடைக்காதீர்கள், தண்ணீர் வேறு வழி தேடும். மணலும் அதன்மேல் ஜல்லியுமாக வடிகட்டி அமைத்தால் மண் தங்கும், தண்ணீர் மட்டும் வெளியேறும். அந்த வேலையும் பொறியாளர் பார்வையில்தான் நடக்க வேண்டும்.

கரையில் மரம் இருந்தால் அதையும் அவரிடம் காட்டுங்கள். பெரிய மரத்தை வெட்டி வேரை மக்க விட்டால் அதுவே கசிவுக்குப் பாதையாகிவிடும்.

அப்புறம், அந்த இரண்டு வீட்டாரின் தொலைபேசி எண்களை இன்றைக்கே வாங்குங்கள். 1977 நவம்பரில் ஜார்ஜியாவின் கெல்லி பார்ன்ஸ் மண் அணை உடைந்து 39 பேர் இறந்தது நள்ளிரவுக்குப் பின், ஊர் தூங்கும் நேரத்தில். அந்த நேரத்தில் நீங்கள் அழைத்தால் யார் எடுப்பார்கள், எந்த மேட்டுக்குப் போவார்கள் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள்.