ஹிட்லர் இறந்த பிறகு ரேமர் யார் பக்கம் நிற்பார்?

உங்கள் மாற்று வரலாற்று நாவலில், பெர்லின் காவல் படைப்பிரிவின் தளபதியான மேஜர் ரேமர், ஹிட்லரைக் கொன்று ஆட்சியைப் பிடிக்க முனைந்த ராணுவச் சதியாளர்களின் ஆணைக்கே கீழ்ப்படிவார். ஆகவே, குண்டுவெடிப்பில் ஹிட்லர் இறந்த பிறகும் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் ரேமரை மனம் மாற்றிவிடுவதாக நீங்கள் எழுதி, அதற்கு மேல் நகர முடியாமல் நிற்கும் அத்தியாயத்தை நீக்கிவிடலாம். 1944 ஜூலை 20 மாலை பெர்லினில் அந்த மேஜரைத் திருப்பியது கோயபல்ஸின் நாவன்மையைவிடத் தொலைபேசியில் ஒலித்த, உயிர்தப்பிய ஹிட்லரின் குரலே. அக்குரல் இல்லையென்றால், 1934 முதல் படைவீரர்கள் ஹிட்லரின் பெயரில் ஏற்றுவந்த உறுதிமொழியும் பொருளிழந்துவிடுகிறது.

உண்மை நாளின் நேர வரிசையை மாற்றாமல் மரணத்தை மட்டும் செருகியதே சிக்கலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். குண்டு பகல் 12.42 அளவில் வெடித்தும், ஆட்சியைக் கைப்பற்றச் சதியாளர்கள் பயன்படுத்திய ‘வால்கைரி’ அவசரகாலத் திட்டத்தின் ஆணைகள் மாலை நான்கு மணியளவில்தான் புறப்பட்டன. ஹிட்லர் இறந்தாரா என்ற ஐயமே அத்தாமதத்தின் பெரும்பகுதி.

ஒரு சோதனை செய்து பாருங்கள். குண்டை வைத்த ஸ்டாஃபன்பெர்க் நேரமின்மையால் விட்டுவிட்ட இரண்டாவது வெடிபொருளையும் பைக்குள் வையுங்கள் (மூன்று விரல்களே எஞ்சிய ஒற்றைக் கையால் அவர் முதலாவதை ஆயத்தப்படுத்தியதே வியப்பு). பிறகு, மரணச் செய்தி எந்த மணியில் யாரை எட்டுகிறது என்று இரவு ஏழுவரை எழுதுங்கள்.

ஆனால் போரை ஒரே வாரத்தில் முடித்துவிடாதீர்கள். கோரிங் 1941 ஆணையின்படி வாரிசு, ஹிம்லரிடம் நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படை இருக்கிறது; சதியாளர்களின் தலைவர் பெக் ஆட்சியைப் பிடித்தாலும், 1943 காசாபிளாங்காவில் அறிவிக்கப்பட்ட நிபந்தனையற்ற சரணடைவைத் தவிர நேச நாடுகள் வேறெதற்கும் இசைந்திருக்க வாய்ப்புக் குறைவு.