பழங்குடி ஹாக்கி வீரர்களுக்குத் திறமை ரத்தத்திலேயே வருகிறதா?

இல்லை. நான் ஒடிசாவின் ரூர்கேலாவில் வளர்ந்தவன், அப்பாவுக்கு அங்கே ஸ்டீல் பிளான்ட்டில் வேலை. அந்த ஊர் இருக்கும் சுந்தர்கர் மாவட்டத்து ஒராவோன், முண்டா, கரியா பழங்குடிப் பையன்களோடு ஆடியிருக்கிறேன், அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

என்னிடம் கடையில் வாங்கிய மட்டை. அவர்களிடம் மூங்கிலை வேரோடு தோண்டி எடுத்து வளைவாகச் செதுக்கிய மட்டை. மாடு மேய்க்கப் போனாலும் அது கையில் இருக்கும். அறுப்பு முடிந்த வயல்தான் மைதானம், பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்லவே முடியாது, வெறுங்கால் வேறு. பொடியனும் அவன் அண்ணனும் சித்தப்பாவும் ஒரே ஆட்டத்தில் இருப்பார்கள், சின்னப் பையன் என்று யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பலத்தில் ஈடு கொடுக்க முடியாதவன் என்ன செய்வான்? எதிரில் வருகிறவனின் தோளைப் பார்த்தே பந்து போகும் திசையைக் கணித்து, முன்னாலேயே அங்கே போய் நிற்பான். எந்தக் கோச்சும் சொல்லித்தரவில்லை. அப்புறம் ஊர்களுக்கு இடையே நடக்கும் கஸ்ஸி போட்டிகள். ஜெயித்த ஊருக்குப் பரிசு ஒரு கெடா, ஊரே கூடிச் சமைத்துச் சாப்பிடும், அதற்காகவே உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவரான ஜெய்பால் சிங் முண்டா தொடங்கி, சவுனாமாரா கிராமத்திலிருந்து வந்து மூன்று ஒலிம்பிக், 412 சர்வதேச ஆட்டங்கள் ஆடிய திலீப் திர்க்கி வரை எத்தனை பேர்! அவர்கள் சிறுவயது முழுக்க உழைத்ததை 'பிறவியிலேயே வந்தது' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

உடனே மரபணு ஆராய்ச்சி தெரியுமா என்று கேட்டு வராதீர்கள், நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன். அங்கே எல்லாப் பிள்ளையும் ஹாக்கி வீரன் என்றும் சொல்லவில்லை. பான்போஷ் விளையாட்டு விடுதி மாதிரி இடங்களில் முறையான பயிற்சியும் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் விடுதிக்கு வரும்போதே பையன் பாதி தயாராக வந்தான்.

நீங்கள் பிள்ளையை ஹாக்கி அகாடமியில் சேர்க்கலாமா என்று யோசிப்பவராக இருந்தால், சேர்த்துவிடுங்கள், ஆனால் சாயங்காலம் தெருவில் பெரிய பையன்களோடு ஆடவும் விடுங்கள். பள்ளிக்கூடத்தை நம்பாதீர்கள். என் மகன் படிக்கும் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார், விளையாட்டுக் கட்டணத்தை மட்டும் வருஷாவருஷம் தவறாமல் வாங்குகிறார்கள். போய்க் கேட்டால் "பத்தாவது முடியட்டும் சார்" என்கிறார்கள். பையன் இப்போது படிப்பது ஆறாவது!